தராசுக் கடையிலிருந்து மென்பொருளுக்கு: ஏலமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கம்பத்தில் தராசு பழுதுபார்க்கும் கடை ஒன்றில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது இடுக்கி மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு எடைச்சீட்டு போடும் ஒரு சிறிய மென்பொருளைச் செய்து விற்கிறேன். நான் படித்தது ஐடிஐ எலெக்ட்ரானிக்ஸ். கணினி அறிவியலை எந்த வகுப்பறையிலும் படித்ததில்லை.

வேறு தொழிலிலிருந்து மென்பொருளுக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிரல்மொழியைப் படிக்கலாம் என்பதைத்தான். அது சிறிய கேள்வி. ஆறு மாதம் விடாமல் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு மொழி கைக்கு வந்துவிடும். என் தொழிலை ஏறக்குறைய மூடும் நிலைக்குக் கொண்டுபோனது வேறு. பழைய தொழிலிலிருந்து சுமந்து வரவேண்டியதைக் கீழே போட்டுவிட்டு, இறக்கிவைக்க வேண்டியதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். எது எது என்று தெரிந்துகொள்ள மூன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தைத்தான் கணக்கோடு இங்கே எழுதுகிறேன்.

ஸ்டோரில் இரவு எட்டு மணி

செடியிலிருந்து எடுத்த பச்சை ஏலக்காயில் பெரும்பகுதி நீர்தான். அதை அன்றிரவே உலர்த்தும் அறைக்குள் ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். மிதமான சூட்டில் 18 முதல் 24 மணி நேரம் வைத்தால் ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ காய்ந்த காயாக வெளியே வரும். பெரிய தோட்டக்காரர்களுக்குச் சொந்த ஸ்டோர் உண்டு. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்து ஸ்டோரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உலர்த்திக்கொள்கிறார்கள்.

காய் எடுக்கும் பெண்களில் பலர் கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்குகிறவர்கள். அவர்கள் இறங்கிய பிறகுதான் ஸ்டோர் விழிக்கும். மழையில் நனைந்த சாக்குகள் வரிசையாக வந்து இறங்கும். மேடைத் தராசின் மேல் ஒரு சாக்கு உட்காரும் முன்பே அடுத்த சாக்கின் முனை மேடையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிவப்பு எண்கள் மேலும் கீழும் துள்ளும். ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, கணக்குப்பிள்ளை நோட்டில் ஒரு முறையும் துண்டுச்சீட்டில் ஒரு முறையுமாக எழுதுவார். விவசாயி அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போவார்.

வண்டன்மேட்டுக்கு அருகில் ஒரு ஸ்டோரில், 2019-இல், தராசைச் சரிசெய்ய நான் போயிருந்த நாளில் ஒரு சண்டை நடந்தது. விவசாயியின் சீட்டில் 64.2 கிலோ, நோட்டில் 62.4. வேகத்தில் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் எது சரி என்று சொல்ல யாராலும் முடியவில்லை. 1.8 கிலோ பச்சைக்காய் என்றால் காய்ந்த காயில் சுமார் 360 கிராம். அந்த ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட், அதாவது ஏலத்துக்கு வைத்த ஒரு தொகுதிக் காய், கிலோ 7,000 ரூபாய்க்குப் போன காலம் அது. கிலோ 3,000 என்று குறைத்து வைத்தாலும் 1,080 ரூபாய். அந்த விவசாயி தோட்டத்தில் இரண்டு பேருக்குக் கொடுக்கவேண்டிய கூலி அது. "தராசு பொய் சொல்கிறது" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். தராசு சரியாக இருந்தது. அரை மணி நேரம் முன்புதான் படிக்கற்கள் வைத்துச் சோதித்திருந்தேன். தராசுக்கும் தாளுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் தூரத்தில்தான் தவறு நடந்தது.

மின்னணு ஏலம் 2007-இலேயே வந்துவிட்டது. போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் வியாபாரிகள் கணினித் திரை முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். அதே காய் சில வாரங்களுக்கு முன் ஸ்டோருக்குள் வந்தபோது ஈரக்கையில் வழுக்கும் ஒரு பேனாவை நம்பித்தான் வந்தது. அந்த ஒரு சாண் தூரத்தை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் அன்று திரும்பும் வழியில், கம்பம்மெட்டு இறக்கத்தில் தோன்றியது.

பூட்டிய எல்லை

2020 மார்ச் கடைசியில் பொது முடக்கம் வந்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மூன்று கேரள எல்லை வழிகளும் அடைபட்டன. மலைக்குப் போக கேரள அரசின் ஜாக்ரதா தளத்தில் பாஸ் எடுக்க வேண்டும். தராசு பழுதுபார்க்க யாரும் பாஸ் எடுத்து அழைக்கவில்லை. கடைக்காரர் பாதிச் சம்பளம் கொடுத்தார். இன்றும் அவருக்கு நன்றியுடையவன். பழைய மடிக்கணினி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கி, வீட்டு மாடியில் ஒரு தராசை வைத்துக்கொண்டு பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்தேன்.

எலெக்ட்ரானிக் தராசில் எண்களைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தொடர் இணைப்புத் துளை இருக்கும். எடை அதன் வழியாக எழுத்துகளாக வெளியே வந்துகொண்டே இருக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். முத்திரையிட்ட மூடியைத் திறக்காமல், ஈயத்தைத் தொடாமல், வெளியே இருக்கும் அந்தத் துளையில் கேபிளைச் செருகினால் போதும். இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்த ஒரே விதி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையும் கேரளத்தில் எடையளவுத் துறையும் ஆண்டுதோறும் சோதித்து முத்திரை வைக்கிற கருவி அது. உள்ளே கை வைத்தால் மறுபடியும் முத்திரை வாங்க வேண்டும். சீட்டின் மேல் நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

செயலியை எழுத அக்கா மகன் சேர்ந்தான். தேனியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான், கல்லூரி மூடியிருந்தது. நான் பைத்தானில் தட்டித் தடவி எழுதியதை அவன் ஆண்ட்ராய்டு போனுக்கு ஏற்றபடி முழுவதும் மாற்றி எழுதினான். 2020 நவம்பரில் முதல் ஸ்டோரில் வைத்தோம்.

முள் நிற்கட்டும்

முதல் இரவிலேயே தவறு வந்தது. தராசில் 46.90 நிற்கிறது, சீட்டில் 47.38 என்று வருகிறது. அவன் பதறிவிட்டான். "தராசு அனுப்பியதைத்தானே மாமா அச்சடிக்கிறேன்?" என்றான். உண்மைதான். தராசு விநாடிக்குப் பல முறை எடையை அனுப்புகிறது. சாக்கைப் போட்ட வேகத்தில் மேடை அமுங்கி எழும்போது இருக்கும் எடையையும் அனுப்புகிறது. அவனுடைய நிரல், பொத்தானை அழுத்திய கணத்தில் வந்ததைப் பிடித்துக்கொண்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கடைக்காரர் கற்றுத்தந்த முதல் பாடம், "முள் நிற்கட்டும்." இன்று தராசில் முள் இல்லை, சொல் மட்டும் தொழிலில் தங்கியிருக்கிறது. சில இண்டிகேட்டர்கள் எடை நிலைத்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாள எழுத்தைச் சேர்த்து அனுப்பும், பல அனுப்பாது. அதனால், வரிசையாக வரும் எடைகள் தராசு காட்டும் மிகச்சிறிய அளவுக்குமேல் மாறாமல் ஒன்றரை விநாடி நின்றால்தான் பொத்தான் பச்சையாகும் என்று வைத்தோம். ஈரமான நாட்களில், மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட்செல் காட்டும் எடை மெல்ல நகரும். அதற்கும் இடம் கொடுத்தோம். முழுக்கவும் இருபது வரிகள்தான் இருக்கும். எங்கள் மென்பொருளில் மிக மதிப்புள்ள இருபது வரிகள் அவைதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று. ஒவ்வொரு தயாரிப்பாளரும் எடையை ஒவ்வொரு விதமாக அனுப்புகிறார்கள். சிலர் முன்னால் ஒரு குறி வைப்பார்கள், சிலர் பின்னால் கிலோ என்பதன் எழுத்தைச் சேர்ப்பார்கள். சீனத் தயாரிப்புகள் சிலவற்றில் எண்கள் தலைகீழாக வரும், 46.90 என்பது 09.64 என்று வந்து சேரும். இப்படிப் பதினொரு வகைகளை ஒரு நீலநிற நோட்டில் பல ஆண்டுகளாகக் குறித்துவைத்திருந்தேன். பழுதுபார்க்கும்போது உதவும் என்று எழுதியது. பொறியியல் படித்தவர்கள் இரண்டு பேர் எங்களுக்குப் பிறகு இதே வேலையைத் தொடங்கி, ஒரே வகைத் தராசோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் என்னைவிட நன்றாக நிரல் எழுதுவார்கள். அவர்களிடம் அந்த நோட்டு இல்லை.

சீட்டில் யார் பெயர்

சீட்டு அச்சடிக்கும் இரண்டங்குல பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ், மலையாள எழுத்துகள் உள்ளே இருக்காது. தமிழையும் மலையாளத்தையும் அனுப்பினால் பெட்டி பெட்டியாக வரும். அதனால் முழுச் சீட்டையும் 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அக்கா மகன் இதற்காக மூன்று வாரம் உழைத்தான். அச்சு மெதுவாகும் என்பதால் முதலில் வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். ஆங்கிலத்தில் இருந்தால் போதும், எண்தானே முக்கியம் என்று நினைத்தேன்.

அணைக்கரைப் பக்கம் ஒரு ஸ்டோரில் ஒரு பாட்டி, ஒன்றேகால் ஏக்கர்க்காரர், ஆங்கிலச் சீட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே எங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. "இதில் என் பெயர் எங்கே தம்பி?" என்று கேட்டார். காட்டினேன். "இது என் பெயர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை அவர் முப்பது ஆண்டுகளாகப் படித்துவருகிறார். அது கோணல்மாணலாக இருந்தாலும் அவருடைய மொழியில் இருந்தது. நான் கொண்டுவந்த புதுச்சீட்டு அவரைப் படிக்கத் தெரியாதவராக்கிவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் சீட்டை மாற்றினோம். முதல் வரியில் விவசாயியின் பெயர், அவர் விரும்பும் மொழியில், பெரிய எழுத்தில். அடுத்து எடை. பிறகு நாள், நேரம், வரிசை எண். எங்கள் பெயரை எடுத்தே விட்டோம்.

வெப்ப அச்சுத்தாள் பற்றியும் ஒரு வார்த்தை. சூடு பட்டால் கறுக்கும், நாள்பட்டால் மங்கும். உலர்த்தும் அறையின் சுவரில் செருகிவைத்த சீட்டு கரியாகிப்போன கதைகள் உண்டு. அதனால் குறுஞ்செய்தியும் அனுப்புகிறோம். இந்திய மொழிகளில் ஒரு குறுஞ்செய்தி 70 குறிகளுக்குமேல் போனால் இரண்டாகிவிடும். "கி" என்று எழுதினாலே இரண்டு குறி. பெயர், எடை, நாள், வரிசை எண் ஆகியவற்றை எழுபதுக்குள் அடக்குவதற்கு வாசகத்தை ஒன்பது முறை திருத்தி எழுதினேன்.

பழைய வழக்கம்

தராசுத் தொழிலில் பொருளை ஒருமுறை விற்போம். கெட்டால் கூப்பிடுவார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். போகாதவன் தொழில்காரன் இல்லை. மென்பொருளையும் அப்படியே விற்றேன். பிரிண்டர், இணைப்பு எல்லாம் சேர்த்து ஒருமுறை 6,000 ரூபாய், ஆயுள் முழுவதும் சேவை இலவசம். 2021 செப்டம்பருக்குள் 14 ஸ்டோர்கள் வந்துவிட்டன. ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள்.

கணக்கு இதுதான். 14 ஸ்டோருக்கு 84,000 ரூபாய். கருவிகளுக்கு ஸ்டோர் ஒன்றுக்கு 2,500 வீதம் 35,000 போனது. பத்து மாதங்களில் மலைக்கு 96 முறை போயிருக்கிறேன். பெட்ரோல் முறைக்கு 150 ரூபாய் என்றால் 14,400. மிச்சம் 34,600 ரூபாய். இரண்டு பேர், பத்து மாதங்கள்.

அந்த 96 பயணங்களை ஒருநாள் டைரியிலிருந்து எடுத்து வகைப்படுத்தினேன். 41 முறை போனது, தாள் சுருளைத் தலைகீழாக மாட்டியதற்காக. வெப்ப அச்சுத்தாளில் ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும். மறுபக்கம் வைத்தால் சீட்டு வெள்ளையாக வெளியே வரும். "சீட்டு வரவில்லை" என்று கூப்பிடுவார்கள், நான் மலையேறுவேன், சுருளைத் திருப்பி மாட்டுவேன், கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்குவேன். அக்கா மகன் சொன்னான்: "மாமா, நீங்கள் போவதால்தான் அவர்கள் கூப்பிடுகிறார்கள்." கோபம் வந்தது. ஆனால் பிரிண்டர் மூடியில் ஒட்ட, தாளை எப்படி வைப்பது என்ற படம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தோம். முக்கால் நிமிடக் காணொளி ஒன்றை மலையாளத்திலும் தமிழிலும் போனில் அனுப்பினோம். அடுத்த பருவத்தில் சுருளுக்காக நான்கே முறைதான் போனேன். வராவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்திருந்தேன். யாரும் கோபிக்கவில்லை. உடனே தீர்ந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

விலையை மாற்றுவது அதைவிடக் கடினமாக இருந்தது. வாங்கிய பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் எதற்கு என்று கேட்பார்கள் என்று தெரியும். ஆனால் அதே ஆட்கள் முத்திரைக்கு ஆண்டுதோறும் முணுமுணுக்காமல் பணம் கட்டுகிறார்கள். தராசு இந்த ஆண்டும் சரியாக இருக்கிறது என்று ஒருவர் வந்து பார்த்துச் சொல்வதற்கான பணம் என்று அதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எனவே எங்கள் கட்டணத்தையும் ஆண்டுச் சோதனையாக மாற்றினேன். நேரில் போய்ப் படிக்கல் வைத்துத் தராசும் சீட்டும் ஒரே எடையைக் காட்டுகின்றனவா என்று பார்த்துப் பதிவில் கையெழுத்திட்டுக் கொடுப்பேன். ஆண்டுக்கு 3,600 ரூபாய். கேட்கும் மாதத்தையும் மாற்றினேன். முதலில் ஏப்ரலில் கேட்டேன், நிதியாண்டு என்று. ஏப்ரலில் ஏலத்தோட்டத்தில் காசு இருக்காது. காய் ஓடும் ஐப்பசி, கார்த்திகையில் கேட்கத் தொடங்கினேன். 14 பேரில் 9 பேர் சம்மதித்தார்கள். ஐந்து பேர் பழைய வடிவத்தோடு நின்றுகொண்டார்கள். அவர்களிடம் வருத்தமில்லை, முதலில் இலவசம் என்று வாக்குக் கொடுத்தது நான்.

எட்டு மாதங்கள்

போடியில் ஒரு வியாபாரி எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, வரவு செலவு, ஏல லாட், ஜிஎஸ்டி, சரக்கை அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துகொடுங்கள் என்று 20,000 ரூபாய் முன்பணம் தந்தார். அவ்வளவு பெரிய தொகையை மென்பொருளுக்காக அதற்கு முன் நான் வாங்கியதில்லை. மதிப்புக் கூடிவிட்டது என்று நினைத்தேன். 2021 நவம்பரிலிருந்து 2022 ஜூன்வரை அதிலேயே மூழ்கினோம்.

எல்லையில் நடக்கும் வியாபாரத்துக்கு வரி எளிதல்ல. ஏலக்காய்க்கு வரி 5 சதவீதம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் அது இரண்டரை இரண்டரையாக மத்திய, மாநிலப் பங்காகப் பிரியும். மாநிலம் தாண்டினால் பிரியாமல் ஒருங்கிணைந்த வரியாகப் போகும். எங்கள் நிரல், வாங்குபவரின் முகவரியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தது. வியாபாரியின் ஆடிட்டர் கணக்குத் தாக்கலுக்கு முன்பே கண்டுபிடித்ததால் அபராதம் இல்லாமல் தப்பித்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. "இது உங்கள் வேலை இல்லையே, ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவர் மேஜையில் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தேவையான எல்லாம் ஏற்கெனவே அதில் இருந்தது. எங்களிடமிருந்து தேவைப்பட்டது, எடைகள் அடங்கிய ஒரு பட்டியல் மட்டும்தான். அதை இரண்டே நாளில் செய்து கொடுத்தோம். முன்பணத்தைத் திருப்பித் தந்தேன். அதற்காக மனைவியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. எட்டு மாதத்தில் மீட்டேன்.

தெரியாத துறைக்குள் ஒருமுறை துணிந்து வந்துவிட்டவனுக்கு இரண்டாவது தெரியாத துறையும் எளிதாகத் தெரிகிறது. மென்பொருள் தெரியாமல் மென்பொருள் செய்தோமே, வரி தெரியாமல் வரி மென்பொருள் செய்ய முடியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதல் துணிவுக்குப் பின்னால் 14 ஆண்டுத் தராசு இருந்தது. இரண்டாவதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

ஐப்பசி இடி

நடந்தவற்றில் என்னை மிகவும் வெட்கப்படவைத்தது இதுதான். 2021 அக்டோபரில் நெடுங்கண்டம் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் இடி இறங்கியது. மின்கம்பி வழியாக வந்த அதிர்ச்சியில் இண்டிகேட்டர் கருகியது. அதிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்கும் போய்விட்டது. அங்கே சிக்னல் கிடைக்காது. வாரத்தில் இரண்டு நாள் கட்டப்பனைக்குப் போகும்போதுதான் போனில் உள்ள கணக்கு இணையத்தில் ஏறும். மூன்று நாள் எடைகள் போய்விட்டன. கணக்குப்பிள்ளை ஒருவேளை தேவைப்படும் என்று நோட்டில் எழுதுவதை நிறுத்தாமல் இருந்ததால் ஸ்டோர் தப்பித்தது. நோட்டு வேண்டாம் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னவன் நான்.

அந்தப் பகுதியில் ஐப்பசி இடிக்குக் கருகிய இண்டிகேட்டர்களை ஆண்டுதோறும் பழுதுபார்த்தவன் நான்தான். எந்தத் தராசுக்கு எர்த் (மின்சாரத்தைத் தரையில் இறக்கும் இணைப்பு) சரியில்லை, எந்தக் கட்டிடத்தில் ஒயரிங் மோசம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படியிருந்தும் ஒரு போனைக் கம்பியால் தராசோடு கட்டிவைத்தேன். மென்பொருள்காரனாக மாறிவிட்டேன் என்ற நினைப்பில் எர்த் ராடைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

அதன்பிறகு கம்பியை எடுத்துவிட்டு புளூடூத் இணைப்பைப் போட்டோம். ஒவ்வொரு எடையும் போனிலும் நினைவு அட்டையிலும் தனித்தனியாகப் பதிகிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஸ்டோருக்கு ஒரு நகல் அச்சாகிறது, அதைக் கம்பியில் குத்திவைக்கிறார்கள். புது ஸ்டோருக்குப் போனால் முதல் ஒரு மணி நேரம் போனைத் தொடுவதே இல்லை. எர்த், ஒயரிங், மேடையின் மட்டம் இவற்றைப் பார்க்கிறேன். நோட்டை நிறுத்தச் சொல்வதில்லை. முதல் பருவம் முழுவதும் இரண்டும் ஓடட்டும் என்கிறேன். கணக்குப்பிள்ளைகள் இப்போது என் பக்கம் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அரைக்கிலோ

2022-இல் ஏலக்காயின் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் 7,000 பார்த்த மலை. புதிய ஸ்டோர் எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் மூன்று ஸ்டோர் வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார். பணம் கேட்டபடி தருகிறேன், ஒரே ஒரு வசதி வேண்டும் என்றார். சாக்குக்கு அரைக்கிலோ குறைத்து அச்சாக வேண்டும், வெளியே தெரியக்கூடாது.

செய்வது ஒரு வரி வேலை. அக்கா மகன் என் முகத்தைப் பார்த்தான். வீட்டில் அரிசி வாங்கக் கணக்குப் பார்த்த மாதம் அது. முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எடையைக் குறைத்துக் காட்டுவது குற்றம் என்பது முத்திரைத் தொழிலில் இருந்த யாருக்கும் ரத்தத்தில் இருக்கும். மென்பொருளில் அது மூடிக்குள் ஒளிந்துகொள்கிறது. ஈயமுத்திரை போல உடைந்தது தெரியாது. அதனால்தான் இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்று நம்புகிறேன்.

அதே சமயம் ஒன்றைப் புரிந்துகொண்டோம். சாக்குக்கு ஒரு கிலோ கழிப்பது சில ஸ்டோர்களில் காலங்காலமாக உள்ள வழக்கம். ஈரச் சாக்குக்கு எடை உண்டு, மறுக்க முடியாது. ஆகவே சீட்டில் மொத்த எடை, சாக்குக் கழிவு, நிகர எடை என்று மூன்று வரிகளைச் சேர்த்தோம். கழிப்பது கழிக்கட்டும், கண்ணுக்குத் தெரியட்டும். இரண்டு முதலாளிகள் எதிர்த்தார்கள். ஆனால் விவசாயிகள் சீட்டை ஒப்பிடத் தொடங்கினார்கள். இந்த ஸ்டோரில் 400 கிராம் கழிக்கிறார்கள், அந்த ஸ்டோரில் ஒரு கிலோ கழிக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. சில மாதங்களில், சீட்டு இல்லாத ஸ்டோர்க்காரர் ஒருவரே அழைத்தார். "என் ஆட்கள் சீட்டுப் போடும் இடத்துக்குப் போகிறார்கள், எனக்கும் வைத்துக்கொடு" என்றார் அந்தச் சேட்டன். மூன்று ஆண்டுகளாக முதலாளிகளிடம் நேரம் மிச்சம், கணக்கு எளிது என்று சொல்லி விற்கப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நேரமும் கணக்கும் சிக்கலாகவே இருந்ததில்லை. பச்சைக்காய் வருமா வராதா என்பதுதான் அவர்கள் கவலை. பணம் கட்டுகிறவர் முதலாளி. வாங்கவைக்கிறவர் சாக்கோடு வரிசையில் நிற்கும் விவசாயி.

இப்போது

இன்று 38 ஸ்டோர்கள். ஆண்டுக் கட்டணமாக 1,36,800 ரூபாய் வரவேண்டும். 2024 கோடை வறட்சியில் இடுக்கியில் ஏலச்செடிகள் கருகி, ஆறு ஸ்டோர்கள் மாதக்கணக்கில் அடுப்பே மூட்டவில்லை. அவர்களிடம் பாதிதான் வாங்கினேன். இந்தத் தொகை இரண்டு குடும்பங்களுக்குப் போதாது. புதிய ஸ்டோர்களில் கருவி பொருத்தும் கூலி கொஞ்சம் சேர்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பழைய கடையில் தராசு வேலையும் பார்க்கிறேன். அதை விடும் எண்ணம் இல்லை. புதுவகை இண்டிகேட்டர் எதுவும் முதலில் அங்கேதான் என் கைக்கு வருகிறது, நீல நோட்டில் இப்போது பத்தொன்பது வகைகள். அக்கா மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். இரவில் எங்கள் செயலியைப் பார்த்துக்கொள்கிறான்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் பச்சைக்காயின் எடை இப்போது சரியாகப் பதிகிறது. ஆனால் மறுநாள் வெளியே வரும் காய்ந்த காய் யாருடையது என்பது தட்டு அடுக்குபவரின் நினைவில்தான் இருக்கிறது. சிறு விவசாயிகள் நான்கைந்து பேரின் காய் ஒரே அறையில் உலர்கிறது. ஐந்துக்கு ஒன்று வரவில்லை, ஐந்தரைக்கு ஒன்றுதான் வந்தது என்றால், காயில் ஈரம் அதிகமா, தட்டு மாறியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தகரத்தில் எண் பொறித்துத் தட்டுகளில் மாட்டி, எடைச்சீட்டின் வரிசை எண்ணோடு சேர்த்துப் பதியப் பார்க்கிறோம். முதலில் பெயின்டில் எழுதினோம், சூட்டில் உரிந்துவிட்டது. அடுத்த முதல் சுற்றுக் காய் வரும்போது இரண்டு ஸ்டோர்களில் தகர எண்களோடு வைக்கப்போகிறோம். தட்டு அடுக்கும் சேச்சியிடம் எண்கள் எந்தப் பக்கம் இருந்தால் கைக்கு எட்டும் என்று கேட்டேன். இடப்பக்கம் என்றார், கம்பிவலையின் முனை வலப்பக்கம் விரலைக் கிழிக்குமாம். இடப்பக்கமே ஆணியடித்துக்கொண்டிருக்கிறோம்.